குப்பியும் சீசாவும்

2025-ம் வருஷம் மே மாத விடுமுறையில் நாம் இங்கிலாந்துக்குப் போய் வந்த வைபவத்தைப் பற்றி இந்தப் பகுதியில் இரண்டு மூன்று தடவை எழுதி, நேயர்களின் பொறுமையைச் சோதித்திருக்கிறோம். மாஞ்செஸ்டர் நகரத்து மழையைப் பற்றி எழுதினோம். அந்த ஊர்க் கடையில் இட்லி மாவு கிடைத்த அதிசயத்தைப் பற்றியும் எழுதினோம். எழுதாமல் விட்ட சமாசாரம் ஒன்று உண்டு. அதை எழுதக் கூடாதென்று நம் தமக்கையின் குமாரன் கேட்டுக் கொண்டிருந்தான். இப்போது அவனே, "எழுதுங்கள் மாமா, என் பெயரை மட்டும் போட்டு விடாதீர்கள்" என்று உத்தரவு கொடுத்து விட்டபடியால் எழுதத் துணிகிறோம்.

நாம் போய் இறங்கிய அன்று இரவு. மருமான் தன் அறையின் ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டிக் கொண்டு நின்றான். அறைக்குள் மாம்பழ வாசனை கமகமவென்று வீசிற்று. ஊரில் சேலத்து மாம்பழத்தை விட்டு விட்டு வந்த ஏக்கத்தில் நம் மூக்குக்குத் தான் பிரமை பிடித்து விட்டதோ என்று ஒரு கணம் எண்ணினோம். அருகில் போய்ப் பார்த்தால், பையன் கையில் விரல் நீளத்துக்கு ஒரு கருவி. வாயிலிருந்து வெண்ணிறமாக ஏதோ வருகிறது.

"புகையா பிடிக்கிறாய்?" என்றோம்.

"இது புகை இல்லை மாமா, ஆவி" என்றான்.

"ஆவி என்றால் பேய் என்றும் பொருள் உண்டப்பா!" என்றோம். இருபது வருஷம் உபாத்தியாயராக இருந்தவன் எந்தச் சந்தர்ப்பத்திலும் சொற்பொருள் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் சொன்ன பிறகு சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது.

அவனுடைய தகப்பனார், அதாவது நம் அத்தான், சர்க்கார் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். மகா கெட்டிக்காரர், தினம் இரண்டு பாக்கெட் சிகரெட் பிடித்தவர். 2016-ல், தமது 56-வது வயதில் காலமானார். கடைசி எட்டு மாதங்கள் அவர் மாடிப்படி ஏறவில்லை. கடைசி இரண்டு மாதங்கள் படுக்கையில் படுத்துத் தூங்கவும் இல்லை. மூச்சு முட்டுமே என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். பையனுக்கு அப்போது வயது 17. ராத்திரியில் அவருக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தவன் அவன் தான். அப்படியிருந்தும் இரண்டு வருஷத்துக்குள், எஞ்சினீயரிங் கலாசாலை விடுதியில், அவன் சிகரெட் பழகிக் கொண்டான். இந்த விஷயம் அவன் தாயாருக்குத் தெரியாதென்று அவன் நினைத்துக் கொண்டிருந்தான். நாமும் அப்படியே நினைத்தோம்.

சீமையில் அப்போது ஒரு பாக்கெட் சிகரெட் ஏறக்குறைய 15 பவுன் விற்றது. மேல்படிப்புக்குப் போன பையனுடைய சம்பாத்தியத்தில் அது கட்டி வராது. அத்துடன் இருமலும் தொடங்கி விட்டது. தகப்பனாருடைய இருமலே தன் தொண்டையிலிருந்து வருவது போல் கேட்டதாம். எனவே சிகரெட்டை விட்டு, மின் சிகரெட்டுக்கு மாறியிருக்கிறான். நாம் போன சமயத்தில் மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அன்றிரவு கருவியைப் பிரித்து மேஜை மேல் பரப்பி நமக்குப் பாடம் நடத்தினான். உள்ளே ஒரு பாட்டரி. அதன் மேல் சிறு கம்பிச் சுருள். சுருளோடு சேர்ந்து பஞ்சுத் திரி. திரி ஊறிக் கிடப்பது கிளிசரின், புரோபிலீன் கிளைகால் என்ற இரண்டு திரவங்களில். அவற்றில் நிகோடினும் வாசனைச் சரக்கும் கலந்திருக்கின்றன. உறிஞ்சினால் சுருள் சூடேறித் திரவம் ஆவியாகிறது. புகையிலை எரிவதில்லை. எரிகிற போது உண்டாகும் கீலும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் தான் சிகரெட் பிடிப்பவனைக் கொல்லுகிறவற்றில் பெரும் பங்கு. நிகோடின் அவனைக் கட்டிப் போடுகிற கயிறு. இந்தக் கருவி கயிற்றை அவிழ்க்காது. எரிவதை மட்டும் நீக்கி விடுகிறது. இப்போதுள்ள கருவிகளுக்கு மூலமானதை 2003-ம் வருஷ வாக்கில் அமைத்தவர் சீன தேசத்து மருந்தாளரான ஹான் லிக். அவரே பெரும் புகைக்காரர். அவருடைய தகப்பனாரும் புகைபிடித்து நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். இதை மருமான் சொன்ன போது நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

இந்தக் கருவிகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, தொழிற்சாலையிலேயே திரவத்தை அடைத்து முத்திரையிட்ட கார்ட்ரிட்ஜைச் சொருகிக் கொள்வது. அதைக் குப்பி என்போம். தீர்ந்தால் குப்பியை எறிந்து விட்டு வேறு குப்பி வாங்க வேண்டும். மற்றது, தொட்டி உள்ளது. சீசாவில் திரவம் வாங்கி நாமே நிரப்பிக் கொள்ள வேண்டும். மருமான் பிடித்துக் கொண்டிருந்தது குப்பி ஜாதி.

குப்பியில் உள்ள சௌகரியத்தை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். சொருகு, உறிஞ்சு, எறி. குழந்தை விளையாட்டுத் தான். உண்மையில் குழந்தைகளே விளையாடி விட்டார்கள் என்பது தான் வருத்தம். அமெரிக்காவில் 2015-ல் வெளிவந்த ஜூல் என்ற கருவியின் குப்பியில் திரவம் 0.7 மில்லி லிட்டர் தான். ஆனால் நிகோடின் நூற்றுக்கு 5. ஒரு குப்பி ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமானம் என்று கம்பெனியே சொல்லிற்று. 2019-ல் எடுத்த தேசியக் கணக்கில் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் நூற்றுக்கு 27.5 பேர் மின் சிகரெட் பிடிப்பவர்களாக இருந்தார்கள். நம் வகுப்பில் 40 பேர். பதினொரு பேருடைய முகங்களை நாம் மனத்தில் எண்ணிப் பார்த்தோம். அன்றிரவு தூக்கம் வரவில்லை. பிரயாணக் களைப்பு மட்டும் காரணமல்ல.

இங்கிலாந்தில் அவ்வளவு காரம் விற்க முடியாது. 2016 மே முதல் அங்கே சட்டம்: திரவத்தில் மில்லி லிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோடினுக்கு மேல் கூடாது; குப்பியோ தொட்டியோ 2 மில்லி லிட்டருக்கு மேல் கொள்ளக் கூடாது; நிகோடின் கலந்த சீசா 10 மில்லி லிட்டரைத் தாண்டக் கூடாது. மருமான் தினம் ஒரு குப்பி தீர்த்தான். இரண்டு குப்பி 6 பவுன். அப்படியானால் வாரத்துக்கு 21 பவுன். சீசாவில் அதே திரவம் 10 மில்லி லிட்டர் 4 பவுன். கணக்கைப் போட்டுப் பார்த்தோம். குப்பியில் மில்லி லிட்டர் ஒன்றரைப் பவுன். சீசாவில் அரைப் பவுனுக்கும் குறைவு. கருவியை மலிவாகக் கொடுத்து, அதில் சொருகுகிற சரக்கில் காசைப் பிடுங்குகிற தந்திரம் வியாபாரத்தில் புதிதல்ல. பெரிய சிகரெட் கம்பெனிகள் தங்கள் பெயரில் விற்கும் மின் சிகரெட்டுகளில் பெரும்பாலானவை குப்பி ஜாதி என்பதில் நமக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் மருமானுடைய கவலை காசு அல்ல. அவன் தங்கைக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம். மூன்று வாரம் ஊரில் தங்க வேண்டும். நம் தேசத்திலோ 2019 செப்டம்பர் 18-ல் அவசரச் சட்டமாகவும், அவ்வருஷக் கடைசியில் பார்லிமெண்ட் சட்டமாகவும் மின் சிகரெட் தடை செய்யப்பட்டிருக்கிறது. செய்வது, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமித்து வைப்பது எல்லாம் குற்றம். முதல் தடவை விற்று அகப்பட்டால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. எனவே கருவியைக் கொண்டு வர முடியாது. கொண்டு வந்தால் விமான நிலையத்தில் பறிகொடுக்க வேண்டியது தான்.

"அதனால் என்ன? மூன்று வாரம் பிடிக்காமல் இரேன்" என்றோம்.

அவன் நம்மைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "மாமா, ஒரு நாள் காலையில் குப்பி தீர்ந்து, மத்தியானம் வரை கடைக்குப் போக முடியவில்லை. அன்றைக்கு என் மேலதிகாரியிடம் நான் பேசிய பேச்சுக்கு மறு நாள் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. கல்யாண வீடு; நாலு பேர் கேட்பார்கள். அம்மா ஓடிக் கொண்டிருப்பாள். மூலைக் கடையில் சிகரெட் சில்லறையாகக் கிடைக்கும். எனக்கு என்னைத் தெரியும்" என்றான்.

ஆவி தடுக்கப்பட்ட ஊரில் புகைக்கு மூலைக்கு மூலை கடை இருப்பது விசித்திரம் தான். தடையை எடுத்து விட வேண்டுமென்று நாம் வாதாட வரவில்லை. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களின் கதியை அறிந்த உபாத்தியாயர் அப்படி வாதாட முடியாது. ஆனால் அன்றைய பிரச்னை சட்டமல்ல. இந்தப் பையன் செப்டம்பர் மாதத்தில் எந்தக் கடை வாசலில் நிற்பான் என்பது தான்.

"அளவைக் குறைத்துக் கொண்டே வரலாமே?" என்றோம். அங்கே தான் குப்பியின் குணம் வெளிப்பட்டது. அவனுக்குப் பழகிய ரகத்தில் 20 மில்லிகிராம் தான் எங்கும் கிடைக்கும். 10 எப்போதாவது கிடைக்கும். நடுவில் 15 கிடையாது. கீழே 6 கிடையாது. இருபதிலிருந்து ஒரே குதியில் பத்துக்கு இறங்கிப் பார்த்து, நாலாம் நாள் மறுபடி இருபதுக்கே வந்து விட்டானாம்.

இதைக் கேட்டதும் நமக்குப் பாட்டனாருடைய பித்தளை வெற்றிலைச் செல்லம் நினைவுக்கு வந்தது. வைத்தியர் புகையிலையைக் குறைக்கச் சொன்ன போது அவர் ஒரே நாளில் விட்டு விடவில்லை. தினம் கிள்ளிப் போடுகிற புகையிலையை ஒரு நூல், இரண்டு நூல் என்று குறைத்தார். பாக்கை ஒரு சீவல் அதிகப்படுத்தினார். ஒரு வருஷத்தில் செல்லத்தில் புகையிலை அறை காலி. அதில் பாட்டி கிராம்பு போட்டு வைத்தாள். கடையில் மடித்து வைத்த பீடா வாங்கிப் போடுகிறவனால் இது ஆகுமா? பீடாவுக்குள் எவ்வளவு வைப்பது என்பது கடைக்காரன் கையில் அல்லவா இருக்கிறது? குப்பிக்கும் சீசாவுக்கும் உள்ள பேதம் இது தான் என்று நமக்குப் பட்டது. மறு நாள் காலையில் இருவரும் குடையைப் பிடித்துக் கொண்டு கடைக்குப் போனோம்.

அப்போது அந்தத் தேசத்தில் வேறொரு பரபரப்பும் இருந்தது. ஒரு தடவை உறிஞ்சித் தீர்த்து, பாட்டரியோடு முழுக் கருவியையும் எறிந்து விடுகிற ரகத்தை 2025 ஜூன் 1 முதல் விற்கக் கூடாதென்று சர்க்கார் தடுத்திருந்தது. மெட்டீரியல் ஃபோகஸ் என்ற ஸ்தாபனம் 2023-ல் போட்ட கணக்குப்படி வாரத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் கருவிகள் குப்பைக்குப் போயினவாம், அத்தனையிலும் லித்தியம். சட்டம் வருகிறதென்று தெரிந்ததும் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. அதே வடிவம், அதே வர்ணம். அடியில் மின்சாரம் ஏற்ற ஒரு துவாரம், மேலே கழற்றி மாட்டுகிற குப்பி. குப்பியைத் தனியாக வாங்கி மாற்ற முடிந்தால் அதுவும் 'மறுபடி நிரப்பக் கூடியது' தான் என்று சட்டம் ஒத்துக் கொள்கிறது. கடை முழுதும் அவை தான் பளபளத்தன. தொட்டி ஜாதிக் கருவிகள் பின்னால், தாழ்ந்த அலமாரியில் அடக்கமாக உட்கார்ந்திருந்தன.

கடைக்காரர் தாடியும் பச்சை குத்திய புஜங்களுமாகப் பயில்வான் போலிருந்தார். ஆனால் பேச்சு எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடைச் செட்டியாருடைய பேச்சைப் போல் நிதானமாக இருந்தது. எத்தனை சிகரெட் பிடித்தவன், இப்போது என்ன பிடிக்கிறான், எதற்காக மாற்றுகிறான் என்று மூன்று கேள்வி கேட்டார். மருமானுடைய கண் ஒரு பெரிய யந்திரத்தின் மேல் போயிற்று. கையெறி குண்டு மாதிரி இருந்தது. அது வேண்டாமென்று அவரே தடுத்து விட்டார். அம்மாதிரி யந்திரங்கள் கிளிசரின் மிகுந்த கெட்டியான திரவத்தை அதிகச் சூட்டில் ஆவியாக்கி மேகம் போல் விடுகிறவை. நிகோடின் குறைவாக இருந்தாலும் திரவம் சீசா சீசாவாகத் தீரும். சிகரெட் பழகினவனுக்கு இறுக்கமாக இழுக்கிற சின்னக் கருவி போதும். கிளிசரினும் கிளைகாலும் பாதிக்குப் பாதி கலந்த திரவம் போதும் என்றார். பேனா அளவில் ஒரு கருவி, உபரியாக நாலு சுருள், 20 மில்லிகிராம் சீசா இரண்டு, 10 மில்லிகிராம் சீசா இரண்டு வாங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் விபத்து. பையனுக்கு அவசரம். தொட்டியில் திரவத்தை விட்டான், உடனே உறிஞ்சினான். அடுத்த கணம் கண்ணில் நீர் வர இருமிக் கொண்டு சோபாவில் விழுந்தான். அறை முழுதும் தீய்ந்த நாற்றம். குத்துவிளக்கில் காய்ந்த திரியைப் போட்டு, எண்ணெய் ஏறுவதற்குள் கொளுத்தினால் என்ன ஆகும்? திரி தான் எரியும். அதே கதை. புதுச் சுருளின் பஞ்சில் நாலு சொட்டு விட்டு, தொட்டியை நிரப்பி, பத்து நிமிஷம் ஊற விட வேண்டும். தொட்டி முழுதும் வற்றுமுன் நிரப்ப வேண்டும். இதைப் படிப்புக் குறைந்த நம் பாட்டிகள் எல்லோரும் அறிவார்கள். எஞ்சினீயர் ஒரு சுருளைக் கருக்கிய பிறகு அறிந்தான். பிற்பாடு ஒழுகல் வேறு: மூடியைச் சரியாகத் திருகாமல் சட்டைப் பையில் வைத்ததில் நம்முடைய வெள்ளைச் சட்டைக்கும் அபிஷேகம் நடந்தது. இரவல் வாங்கினது அவன் தான், கறை நமக்கு. தித்திப்பு மிகுந்த திரவத்தில் சுருள் சீக்கிரம் பாகு பிடித்துக் கறுக்கும் என்பதையும், ஒன்றிரண்டு வாரத்துக்கொரு தடவை அதை மாற்ற வேண்டுமென்பதையும் அந்த வாரத்திலேயே கற்றுக் கொண்டோம். குப்பியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லி விடுகிறோம்.

இனிமேல் வருவது நமக்கு மிகவும் பிடித்த கட்டம். பள்ளிக்கூடத்தில் கலவைக் கணக்கு நடத்துகிற போதெல்லாம், "இது எதற்கு சார் பிரயோஜனம்?" என்று பையன்கள் கேட்பார்கள். பால்காரரை உதாரணம் காட்டிக் காட்டி நமக்கு அலுத்து விட்டது. மாஞ்செஸ்டரில் விடை கிடைத்தது. 20 மில்லிகிராம் திரவம் பாதி, 10 மில்லிகிராம் பாதி: 15. மூன்று வாரம் அது. பிறகு தனி 10. பிறகு 6. அதற்கும் கீழே ஒரு வேடிக்கை உண்டு. நிகோடின் கலந்த சீசா 10 மில்லி லிட்டருக்கு மேல் கூடாதென்று சட்டம் சொல்வதால், நிகோடின் கலக்காத திரவத்தை 50 மில்லி லிட்டர் பெரிய சீசாவில் கழுத்து வரை இடம் விட்டு விற்கிறார்கள். அதில் மில்லி லிட்டருக்கு 18 மில்லிகிராம் உள்ள சிறு சீசா ஒன்றை ஊற்றிக் குலுக்கினால், 180 மில்லிகிராம், 60 மில்லி லிட்டர், ஆக 3. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் போட்டு, தேதி குறித்து, சிவப்பு மையில் கோடிட்டுக் கொடுத்தோம்.

ஆனால் நோட்டுப் புத்தகத்தில் அகப்படாத ஒன்றும் இருந்தது. பத்துக்கு இறங்கிய வாரத்தில் சீசா சீக்கிரம் தீர்ந்தது. காரம் குறைந்தால் வாய் இரட்டிப்பாக உழைக்கிறது! இது அவனுடைய பலவீனம் மட்டுமல்ல. லண்டன் சௌத் பாங்க் சர்வகலாசாலையைச் சேர்ந்த லின் டாக்கின்ஸ் என்ற அம்மையாரும் மற்றவர்களும் 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பழகிய 20 பேருக்கு ஒரு சமயம் 18 மில்லிகிராமும் மற்றொரு சமயம் 6 மில்லிகிராமும் கொடுத்துப் பார்த்தார்கள். குறைந்த திரவத்தில் அவர்கள் அதிகத் தடவை, அதிக நேரம் உறிஞ்சி, அதிகத் திரவம் தீர்த்தார்கள். ஆகவே அவசரமாக இறங்குவதில் பயனில்லை. சீசாவில் உள்ள எண் குறைந்து, உடம்புக்குள் போவது குறையாமலே இருக்கக் கூடும். பட்டியலில் ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரம் கூட்டினோம். தினம் எத்தனை தடவை தொட்டி நிரப்பினான் என்பதையும் எழுதி வரச் சொன்னோம்.

இந்த முயற்சிக்கு ஆதாரம் உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். லண்டன் குவீன் மேரி சர்வகலாசாலையின் பீட்டர் ஹாயெக் முதலியோர் 2019-ல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. சிகரெட்டை விட வந்த 886 பேரில் ஒரு பாதிக்கு நிகோடின் பிசின், ஒட்டுப் பட்டை முதலிய வழக்கமான மருந்து; மறு பாதிக்கு நிரப்பும் ஜாதி மின் சிகரெட்டும் 18 மில்லிகிராம் சீசா ஒன்றும் கொடுத்து, பிறகு வேண்டிய காரத்தில் தாங்களே வாங்கிக் கொள்ளச் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்து, மருந்துக் கட்சியில் சிகரெட்டை விட்டவர்கள் நூற்றுக்கு 9.9 பேர், மின் சிகரெட் கட்சியில் 18 பேர். ஏறக்குறைய இரண்டு பங்கு ஜெயம். ஆனால் வெற்றி பெற்ற இந்தக் கட்சியாரில் நூற்றுக்கு 80 பேர் அப்போதும் மின் சிகரெட்டை விடாமல் பிடித்துக் கொண்டிருந்தார்கள். இந்தக் கடைசி எண்ணைத் தான் மருமான் தன் நோட்டின் அட்டையில் எழுதி வைத்தான்.

மாஞ்செஸ்டரில் அவன் குடியிருந்த வீட்டுக்காரருக்கு இரண்டு வயதுப் பெண் குழந்தை. ஒரு நாள் மாலை அது நம் மேஜையடியில் உட்கார்ந்து எதையோ திருகிக் கொண்டிருந்தது. பார்த்தால் மாம்பழப் படம் போட்ட சீசா! அழுத்தித் திருப்பினால் தான் திறக்கிற மூடியாகச் சட்டம் விதித்திருந்ததால் பிழைத்தோம். 10 மில்லி லிட்டர் சீசாவில் 20 வீதம் 200 மில்லிகிராம் நிகோடின் இருக்கிறது. ஒரு சிறு குழந்தையின் உயிருக்கு அது எமன். 2014 டிசம்பரில் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று நிகோடின் திரவத்தை விழுங்கி இறந்தே போயிற்று. 2016-ல் தான் அமெரிக்கா முழுவதற்கும் மூடிக்குச் சட்டம் வந்தது. அன்று முதல் சீசாக்கள் அலமாரியின் உச்சியில், பூட்டுப் போட்ட தகரப் பெட்டிக்குள் போயின. குழந்தை கையில் அகப்படுகிற வீட்டில் நாமே நிரப்புகிற வேலையே வேண்டாம் என்று கூட நமக்கு ஒரு கணம் தோன்றிற்று.

கண்ட இடத்தில் வாங்கிய திரவமும் ஆகாது. அமெரிக்காவில் 2019-ல் தொடங்கிய நுரையீரல் வியாதியில், 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் ஆஸ்பத்திரியிலோ சாவிலோ முடிந்த கணக்கில் சேர்ந்தார்கள். 68 பேர் இறந்தவர்கள். பெரும்பாலோர் பிடித்தது கள்ளத்தனமாக வந்த கஞ்சா எண்ணெய். அதைக் கெட்டிப்படுத்தக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் தான் பிரதான காரணம் என்று கண்டார்கள். சீசா நம் கைக்கு வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பொறுப்பும் கூடவே வருகிறது.

இவ்வளவும் நடந்து, நாம் ஜூன் முதல் வாரத்தில் பள்ளிக்கூடம் திறக்க ஊர் திரும்பினோம். பையன் ஆகஸ்டு கடைசியில் வந்து சேர்ந்தான். அப்போது 6 மில்லிகிராமில் இருந்தான். கருவியை மாஞ்செஸ்டரிலேயே விட்டு விட்டான். சட்டைப் பையில் நம் ஊர் மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிற 2 மில்லிகிராம் நிகோடின் பிசின். கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை சமையற்காரரோடு சிறிது கடுமையாகப் பேசினான். ஆனால் கல்யாண வீட்டில் அதை யார் கணக்கில் வைக்கிறார்கள்? இரவு பத்தரை மணிக்கு மண்டபத்துக்குப் பின்னால், கலாசாலைச் சிநேகிதர்களோடு அவன் நிற்பதைப் பார்த்தோம். நாலைந்து சிவப்புப் பொறிகள் தெரிந்தன. நாம் கிட்டே போகவில்லை.

மறு நாள் அவனே சொன்னான்: "ஒன்று தான், மாமா. அதுவும் பாதி. தொண்டையைப் பிடித்துக் கொண்டது."

பந்தி நடந்து கொண்டிருந்த போது தமக்கை நம்மைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டாள். தாம்பூலப் பைக்குத் தேங்காய் எண்ணிக் கொண்டிருந்தாள். "அவன் அங்கே என்னடா பிடிக்கிறான்?" என்றாள்.

வகுப்பில் எத்தனையோ பையன்களைப் பிடித்திருக்கிறோம். பிடிபட்ட பையனுடைய முகம் எப்படி இருக்கும் என்று அன்று தான் உள்ளிருந்து தெரிந்து கொண்டோம். "உனக்கு எப்படி..." என்று இழுத்தோம்.

"பெட்டியைத் திறந்து துணி எடுத்தேன். மாம்பழ வாசனை அடிக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்த போதெல்லாம் வேறு வாசனை அடித்தது. இருபத்தைந்து வருஷம் ஒருத்தர் சட்டையைத் தோய்த்தவளுக்கு அது தெரியாதா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னோம், குப்பி, சீசா, திரி, கலவைக் கணக்கு ஒன்று விடாமல். அவள் தேங்காய் எண்ணுவதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒரே கேள்வி: "அவர் பட்ட பாடு இவனும் படுவானா?"

இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற வைத்திய சங்கம் 2016-ல் சொன்னதைச் சொன்னோம்: நெடுங்காலம் ஆவியை உறிஞ்சுவதால் வரும் கெடுதல், புகையால் வருவதில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாது என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் இந்தக் கருவி பிறந்தே இருபது வருஷம் சொச்சம் தான். நாற்பது வருஷம் இதையே பிடித்தவன் உலகத்தில் இன்னும் ஒருவனும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

"அப்படியானால் அதையும் சீக்கிரம் விடச் சொல்லு. நூற்றுப் பன்னிரண்டா, நூற்றுப் பதின்மூன்றா? உன்னோடு பேசி எண்ணிக்கை தப்பி விட்டது" என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

அவன் திரும்பிப் போன பின் மூன்று வாரம் வரை மறுபடி 6 மில்லிகிராமிலேயே நின்றான். பிறகு பெரிய சீசா வாங்கினான். நவம்பர் மாதம் நோட்டுப் புத்தகத்துப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். 50 மில்லி லிட்டரில் 10-ஐக் கூட்டி, 180-ஐ ஐம்பதால் வகுத்து 3.6 என்று போட்டிருந்தான். அறுபதால் வகுக்க வேண்டும் என்று திருத்தி அனுப்பினோம். இப்போது மாம்பழ வாசனையை விட்டு வாசனை சேர்க்காத திரவம் வாங்குகிறானாம்; சுருள் மூன்று வாரம் வருகிறது என்று எழுதியிருக்கிறான்.